பட்டியலில் ஒரு தேனீ

ஆறாவது கடைக்காரரும் கதவைச் சாத்தினார். இந்தத் தடவை தாழ்ப்பாள் விழும் சத்தமும் சேர்ந்து கேட்டது.

"பரவாயில்ல, முன்னேறிட்டோம்," என்றான் நெபொமுக். "முதல் கடைக்காரன் நாயை அவிழ்த்து விட்டான். இவன் வெறும் கதவைத்தான் சாத்துறான்."

லெக்னர் கோட்டின் காலரை உயர்த்திக்கொண்டார். டான்யூப் பக்கமிருந்து வந்த நவம்பர் காற்று வியன்னாவின் சந்துகளுக்குள் புகுந்து காதைக் கடித்தது. மணி மதியம் ஒன்று. நாளைக் காலை ஒன்பது மணிக்கு விசாரணை தொடங்குவதற்குள் அவருக்கு ஒரு புத்தகம் வேண்டும். உள்ளங்கை அகலத்தில், அட்டைகூட இல்லாத, நூற்றிருபது பக்கம் உள்ள சின்னப் புத்தகம். போன வருஷத்துத் தடைப் பட்டியல். எந்தெந்தப் புத்தகங்களை அச்சிடக் கூடாது, விற்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது என்று தணிக்கை அலுவலகம் அகர வரிசையில் போட்டிருந்த பட்டியல்.

அது கிடைத்தால் பழைய புத்தகக் கடை பிராண்டல் பிழைப்பார். கிடைக்காவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

ஜனவரி மாதம் பிராண்டல் ஒரு மாணவனுக்கு 'யாத்ரீகனின் கடிதங்கள்' என்ற புத்தகத்தை விற்றிருந்தார். ஏப்ரலில் புதுப் பட்டியல் வந்தது. அதில் அந்தப் புத்தகத்துக்குத் தடை. அக்டோபரில் அந்த மாணவனின் பெட்டியைச் சோதனை போட்டவர்கள் புத்தகத்தை எடுத்தார்கள், எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள், மறுநாளே பிராண்டலின் கடைக்குச் சீல் வைத்தார்கள். குற்றம் உறுதியானால் தண்டனை ஐந்து வருஷம் கோட்டைச் சிறை, காலில் சங்கிலியோடு கல் சுமக்கும் வேலை. பிராண்டலுக்கு அறுபத்தாறு வயது. மூன்று வாரமாகக் காவல் அறையின் ஈரச் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருக்கிறார். ஐந்து வருஷம் என்பதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கு. ஒரு குளிர்காலம் போதும்.

விற்ற அன்றைக்கு அந்தப் புத்தகம் பட்டியலில் இல்லை என்று காட்டிவிட்டால் வழக்கே நிற்காது என்று லெக்னர் நம்பினார். ஆனால் காட்டுவதற்குப் பழைய பட்டியல் எங்கே? புதுசு வந்த வாரமே பழசையெல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அலுவலகத்தின் பின்கட்டில் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். ஒவ்வொரு கடைக்காரரும் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீதைக் காட்டினார். காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

லெக்னர் ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து ஆள். சுங்கச் சாவடியில் பதினோரு வருஷம் புத்தகப் பெட்டிகளைத் திறந்து, பட்டியலோடு ஒப்பிட்டு, இருப்பதைப் பிடுங்கியவர். படம் போட்ட ஒரு பிரசவப் புத்தகத்தை ஒரு மருத்துவச்சியிடம் கண்டும் காணாமல் விட்டதற்காக வேலை போயிற்று. அதற்குப் பிறகு நாலு வருஷமாகப் புத்தக வழக்கில் மாட்டியவர்களுக்காகத் துப்புத் தேடி அலைகிறார். இதுவரை ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை.

நெபொமுக் அவருடைய கையாள். செல்லமாக மூக். முகத்தில் முக்கால்வாசி மூக்குதான் என்பதால் பெயர் பொருந்திவிட்டது. இருபது வருஷம் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பல்லக்கு நாற்காலி தூக்கியவன். இடது முழங்கால் மக்கர் செய்த பிறகு தூக்குவதை விட்டான், பேசுவதை விடவில்லை.

"அடுத்து எங்கே? ஏழாவது கதவா?"

"இல்ல. விற்கிறவன்கிட்ட இருக்காது," என்றார் லெக்னர். "ரசீது வாங்கின பயத்துல எல்லாத்தையும் கொடுத்திருப்பான். வாங்கினவன் எவனாவது வச்சிருக்கணும்."

"தடைப் பட்டியலைக் காசு கொடுத்து வாங்குவானா ஒருத்தன்?"

"வாங்கினானுங்கய்யா. போன வருஷம் வரைக்கும் கடையிலேயே வச்சு வித்தாங்க. வா, பிராண்டல் வீட்டம்மாவைப் பார்ப்போம்."

*

கடையின் முன்கதவில் அரக்கு முத்திரை. பின்பக்கத்து ஒற்றை அறையில் பிராண்டலின் மனைவி அப்போலோனியா அடுப்பில் டர்னிப் சூப் வைத்திருந்தார். இரண்டு கிண்ணம் ஊற்றி மேஜையில் வைத்தார். நெபொமுக் ஒரு வாய் குடித்துவிட்டு, "டர்னிப் இந்தப் பானைக்குள்ள இறங்காமத் தாண்டிப் போயிருக்கு போல," என்று முணுமுணுத்தான். லெக்னர் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தார், நல்ல காலை.

"அம்மா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. போன வருஷம் கடைக்கு வந்தவங்கள்ல யாராவது விசித்திரமா நடந்துக்கிட்டாங்களா?"

"புத்தகம் வாங்க வர்றவங்க எல்லாருமே ஒரு மாதிரிதான் தம்பி." அப்போலோனியா கரண்டியை வைத்தார். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. "ஒருத்தர் வந்தார். பெரிய மனுஷர், வெள்ளிப் பித்தான் வச்ச கோட்டு. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார், திரையை இழுத்து விட்டார். எங்க வீட்டுக்காரர் ஏதோ கொள்ளைக்காரன்னு நினைச்சுட்டார். கிட்ட வந்து காதுல ரகசியமா கேட்கிறார்... என்ன கேட்டார் தெரியுமா? 'தேனீக்களின் குடியரசு' இருக்கான்னு!"

"அது என்ன புத்தகம்?" என்றான் நெபொமுக்.

"யாரோ ஒரு கிராமத்துப் பாதிரியார் எழுதினது. தேனீ வளர்க்கிறது எப்படின்னு. மூணு வருஷமா தூசி பிடிச்சுக் கிடந்துச்சு. அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, சொன்ன விலைக்குப் பேரம் பேசாம வாங்கிட்டுப் போனார். எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் சிரிச்சார்." சிரித்த மனிதரின் ஞாபகம் வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

லெக்னர் சூப்பைத் தள்ளி வைத்தார். கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது.

"அந்தப் புத்தகத்தோட முழுத் தலைப்பு ஞாபகம் இருக்கா அம்மா?"

"'தேனீக்களின் குடியரசு, அல்லது ராணியை மாற்றும் எளிய முறைகள்'."

நெபொமுக்குக்குப் புரை ஏறியது. "நம்ம மகாராணி சிம்மாசனத்துல உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு தலைப்பா!"

"தேன்கூட்டுல ராணி கிழடாயிட்டா வேற ராணியை விடுவாங்க. அதைத்தான் பாதிரியார் எழுதியிருக்கார்," என்றார் லெக்னர். "ஆனா தணிக்கைக்காரன் உள்ளே படிக்கவே இல்ல. தலைப்பைப் பார்த்தான், பட்டியல்ல சேர்த்துட்டான். தேனீப் புத்தகத்தைப் பட்டியல்ல தேடணும்னு பிராண்டலுக்குத் தோணியிருக்காது. நான் வேலையில இருந்த கடைசி மாசம் அது. சுங்கச் சாவடியில நாங்க எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். இப்ப சொல்லு மூக். தேனீ வளர்க்கிற புத்தகத்தை எவன் ரகசியமா கேட்பான்?"

"அது தடை பண்ணின புத்தகம்னு தெரிஞ்சவன்."

"அது எப்படித் தெரியும்?"

நெபொமுக் கரண்டியை உயர்த்தினான். "பட்டியலைப் பார்த்திருக்கணும். அவன் கையில பட்டியல் இருந்திருக்கு! அம்மா, அந்த ஆள் பேர் என்ன?"

"சொல்லலையேப்பா. தலைப்பைக்கூட ஒரே மூச்சுல சொல்லல. தொப்பியைக் கழட்டி உள்ளே பார்ப்பார், ரெண்டு வார்த்தை சொல்லுவார். மறுபடி தொப்பிக்குள்ள பார்ப்பார்."

நெபொமுக் மெல்ல எழுந்து நின்றான்.

"பேன் பிரபு!"

"என்னது?"

"ஐயா, நான் தூக்கியிருக்கேன் அவரை! மார்ஹோஃப் பிரபு. நாற்காலியில ஏறினதும் தொப்பியைக் கழட்டி மடியில வச்சு உள்ளேயே பார்த்துட்டு வருவார். பேன் பார்க்கிறார்னு நாங்க பேசிக்குவோம். ஒவ்வொரு புத்தகக் கடை வாசல்லயும் நிறுத்தச் சொல்லுவார். போகும்போது ஒரு கனம், வரும்போது ரெண்டு கனம். என் முழங்கால் போனதே அந்த ஆளாலதான்!"

*

பிரபு வீட்டுக் காவலாளி அவர்களை ஏற இறங்கப் பார்த்தான். லெக்னர் ஒரு துண்டுச் சீட்டில் நாலு வார்த்தை எழுதி உள்ளே அனுப்பினார்.

"என்ன எழுதினீங்க?"

"'தேனீக்களின் குடியரசு, இரண்டாம் பாகம்'."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இல்ல."

இரண்டு நிமிஷத்தில் மார்ஹோஃப் பிரபுவே மாடிப்படியில் இறங்கி ஓடி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ரோஜா நிறக் கன்னம். "எங்கே? எங்கே அது?" என்று அவர்களை நூலகத்துக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைப் பூட்டினார்.

சுவர் முழுக்கப் பச்சைத் திரை. ஒன்றை விலக்கியதும் லெக்னர் மூச்சை இழுத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் பதினோரு வருஷம் பிடுங்கிய அத்தனை புத்தகங்களும் அங்கே நின்றன. பட்டியலில் இருந்த அதே அகர வரிசை. அந்தத் தேனீப் புத்தகமும் தன் இடத்தில் நின்றது. ஒன்றை எடுத்துப் பிரித்தார். தாள்களின் மடிப்பு அச்சகத்திலிருந்து வந்தபடியே வெட்டப்படாமல் இருந்தது. யாரும் படித்ததில்லை.

"தேனீயைக் கண்டாலே எனக்கு உடம்பு வீங்கிடும்," என்றார் பிரபு பெருமையாக. "ஆனா வரிசையில ஓட்டை விழக் கூடாது பாருங்க. சரி, இரண்டாம் பாகம் எங்கே?"

"மன்னிக்கணும் பிரபு. இரண்டாம் பாகம் கிடையாது. எங்களுக்கு உங்க தொப்பிக்குள்ள இருந்த பட்டியல் வேணும். போன வருஷத்தது." லெக்னர் பிராண்டலின் கதையைச் சொன்னார். சுருக்கமாக, நேராக.

பிரபுவின் முகம் ஏமாற்றத்தில் தொங்கியது. "அந்தக் கிழவரா? பேரம் பேசாம கொடுத்தாரே. சிறையில இருக்காரா?"

"பேரம் பேசாம வாங்கினது நீங்க," என்றான் நெபொமுக்.

பிரபு அதைக் காதில் வாங்காமல் மேஜை இழுப்பறையை இழுத்தார். நுனி மடங்கிய, வியர்வைக் கறை படிந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். "எடுத்துக்குங்க. என்கிட்ட ரெண்டு பிரதி இருந்துச்சு. நல்ல பிரதி அதோ, அலமாரியில இருக்கு."

"அதை ஏன் இந்தப் புத்தகங்களோட வச்சிருக்கீங்க?" லெக்னர் சும்மாதான் கேட்டார்.

"அது இருக்க வேண்டிய இடம் இப்ப அதுதானே!" பிரபு கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார். "ஆனா ஒண்ணு. என் பேரு எங்கேயும் வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

லெக்னர் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் கண் ஏற்கெனவே பட்டியலின் வரிகளில் ஓடிக்கொண்டிருந்தது.

தெருவுக்கு வந்ததும் இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கினார்கள், லெக்னர் மூன்று தடவை பார்த்தார். 'யாத்ரீகனின் கடிதங்கள்' இல்லை. மேலே இல்லை, கீழே இல்லை, கடைசியில் ஒட்டியிருந்த திருத்தப் பக்கத்திலும் இல்லை.

"நான் ஒரு தடவை பார்க்கிறேன்," என்று நெபொமுக் வாங்கிக்கொண்டான்.

"உனக்குப் படிக்கத் தெரியாதேய்யா."

"இல்லாததைப் பார்க்கப் படிப்பு எதுக்கு?"

லெக்னர் சிரித்துவிட்டார். நாலு வருஷத்தில் இப்படி ஒரு சாயங்காலம் அவருக்கு வாய்த்ததில்லை. இரண்டு பேரும் சூடான தொத்திறைச்சி வாங்கித் தின்றார்கள். நெபொமுக் சொன்னதற்கெல்லாம் அவர் சிரித்தார், சொல்லாததற்கும் சிரித்தார்.

*

விசாரணை அதிகாரி ஸோமருக்குச் சளி பிடித்திருந்தது. மேஜையில் ஒரு கைக்குட்டை, மடியில் ஒரு கைக்குட்டை. நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். இரண்டு காவலர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த பிராண்டலுக்கு அவரே ஒரு முக்காலி போடச் சொன்னார். நெபொமுக் பின்னால் கதவோரம் நின்றான். அப்போலோனியாவை உள்ளே விடவில்லை.

லெக்னர் பட்டியலை மேஜையில் வைத்தார். "போன வருஷத்துப் பதிப்பு. ஜனவரியில இதுதான் நடப்பில இருந்துச்சு. தயவுசெஞ்சு பாருங்க."

ஸோமர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். பக்கத்தைத் திருப்பினார். திருத்தப் பக்கத்தையும் பார்த்தார். அறையில் எழுத்தரின் இறகுப் பேனா மட்டும் கீறிக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றார் கடைசியில். "நீங்க சொல்றது சரி. ஜனவரியில இதுக்குத் தடை இல்ல."

பிராண்டல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கதவோரம் நெபொமுக் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான், அவசரத்தில் இரண்டு தடவை. லெக்னர் அவர்கள் இருவரையும் பார்த்தார். ஜெயிப்பது இப்படித்தான் இருக்கும் போலும்.

ஸோமர் மூக்கைத் துடைத்தார். "இது உங்களுக்கு எங்கிருந்து கிடைச்சுது?"

"அதைச் சொல்ல முடியாத நிலையில இருக்கேன் ஐயா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

ஸோமர் பெருமூச்சு விட்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து, புதுப் பட்டியலை எடுத்து, ஒரு பக்கத்தைப் புரட்டி லெக்னர் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

லெக்னர் படித்தார். மறுபடியும் படித்தார்.

'தடை செய்யப்பட்ட புத்தகங்களின் பட்டியல். எல்லாப் பதிப்புகளும்.'

பச்சைத் திரைக்குப் பின்னால், அந்த வரிசைக்குள்ளே நின்ற நல்ல பிரதி அவர் கண்முன் வந்தது. பிரபுவின் கண் சிமிட்டலும் வந்தது. ஓட்டை விழாத வரிசை. நேற்றுச் சாயங்காலமே புரிந்திருக்க வேண்டும்.

"பட்டியலையே பட்டியல்ல சேர்த்துட்டீங்களா?"

"வேற வழியில்லாமப் போச்சு. பையன்கள் அதைக் கையில வச்சுக்கிட்டுக் கடை கடையா ஏறி, இது இருக்கா அது இருக்கான்னு கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. நாங்க தடை பண்ணினதே விளம்பரம் ஆயிடுச்சு."

"இதை எங்கேயும் அறிவிக்கலையே ஐயா?"

"அறிவிச்சா பட்டியல்ல என்ன இருக்குன்னு ஜனங்களுக்குச் சொன்ன மாதிரி ஆயிடுமே," என்றார் ஸோமர். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"இப்ப நீங்களே படிச்சீங்க. இல்லைன்னு உங்க வாயால சொன்னீங்க!"

"அது என் தப்பு. எங்கிருந்து வந்ததுன்னு முதல்ல கேட்டிருக்கணும். தடையான புத்தகத்தைச் சாட்சியா எடுத்துக்க எனக்கு அதிகாரம் இல்ல." எழுத்தரைப் பார்த்தார். "எழுதினதை அடிச்சிடுப்பா."

பேனா ஒரு கோடு இழுத்தது. பிறகு இன்னொரு கோடு.

"அது ஒரு பக்கம்," என்றார் ஸோமர். "இதை வச்சிருந்ததுக்கு உங்களுக்கு மூணு வருஷம். யார் கொடுத்ததுன்னு சொன்னா ஏதாவது பார்க்கலாம்."

லெக்னர் யோசித்தார். சத்தியத்தை மீறிப் பிரபுவின் பெயரைச் சொன்னாலும் ஒன்றும் ஆகப் போவதில்லை. அந்த வீட்டு மாடிப்படியில் எந்தக் காவலனும் ஏற மாட்டான். அவர் வாயைத் திறப்பதற்குள் முக்காலியிலிருந்து குரல் வந்தது.

"அது என்னுது."

எல்லோரும் திரும்பினார்கள். பிராண்டல் எழுந்து நின்றிருந்தார்.

"கடையில பரண்மேல ஒளிச்சு வச்சிருந்தேன். இவரை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். உள்ளே என்ன இருக்குன்னு இவருக்குத் தெரியாது."

ஸோமர் அவரையும் லெக்னரையும் மாறி மாறிப் பார்த்தார். அது பொய் என்று அந்த அறையில் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் பொய்யில் ஒரு ஆளின் பெயர் இருந்தது, கையெழுத்துப் போட ஆள் இருந்தார், வழக்கு முடிந்தது.

"எழுதிக்கோ," என்றார் எழுத்தரிடம்.

"ஐயா, இவர் பொய் சொல்...!"

பிராண்டலுக்கு இருமல் வந்தது. இருமியபடியே லெக்னரின் சட்டைக் கையைப் பிடித்துக் குனிய வைத்தார். காதோரம் சூடான மூச்சு. "அஞ்சும் எட்டும் எனக்கு ஒண்ணுதான் தம்பி. உங்களுக்கு அப்படி இல்ல. என் வீட்டுக்காரிக்கு வெளியில ஒரு ஆள் வேணும். வாயை மூடுங்க."

லெக்னர் வாயை மூடினார். எவ்வளவு சுலபமாக மூடிக்கொண்டது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. பயமா, அந்தக் கிழவரின் வேண்டுகோளா, எது மூடியது என்று அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

ஸோமர் எட்டு வருஷம் என்று படித்தார். பிராண்டல் கையெழுத்துப் போட்டார். பட்டியல் கணப்புக்குள் போயிற்று. மெல்லிய தாள், பொசுக்கென்று பற்றிக்கொண்டது. காவலர்கள் பிராண்டலைப் பக்கத்துக் கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

*

வெளிப்படியில் அப்போலோனியா நின்றுகொண்டிருந்தார். கையில் கணவருடைய கம்பளிக் கோட்டு. வீட்டுக்கு நடந்து போகும்போது குளிருமே என்று எடுத்து வந்திருந்தார்.

"கொடுத்தீங்களா தம்பி? பட்டியலை வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க அம்மா."

"பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

"அந்தக் கடிதப் புத்தகம் அதுல இல்லைதானே?"

"இல்ல," என்றார் லெக்னர். "இல்லைன்னு அவங்களே சொன்னாங்க."

அப்போலோனியா அவருக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. நெபொமுக்கைப் பார்த்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் அந்த மனிதன் காலடியில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அவர் எங்கே?"

நெபொமுக் நொண்டியபடி இரண்டு படி இறங்கி, அந்தக் கோட்டை அப்போலோனியாவின் கையிலிருந்து வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.